மெதுவாக ஆடிய தெப்பம்

என் வீட்டுக்காரர் தயாபரன் ஒன்பது வருஷம் கப்பலில் வேலை செய்தவர். இதைக் கேட்டவுடன் வெள்ளை உடுப்பு, தோளில் தங்கப்பட்டி, கையில் தூரக்கண்ணாடி என்றெல்லாம் உங்களுக்குத் தோன்றும். எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சனத்துக்கும் அப்படித்தான் தோன்றியது. முதல் தடவை லீவில் வந்தபோது மேட்டு லயத்து வரிசை வீட்டு ஆட்கள் மாலை போடாத குறை. பிறகு, அவர் கப்பலில் சமையல்காரர் என்ற விஷயம் எப்படியோ வெளியே வந்தது. அதோடு சரி. ‘கப்பல்காரத் தம்பி’ என்று கூப்பிட்ட வாய்கள் மறுநாளே ‘சட்டிகழுவி’ என்று பேர் வைத்தன. அப்படிப் பேர் வைத்தவர்களில் ஒருவனுக்குக்கூட ஒரு முட்டையை ஒழுங்காகப் பொரிக்கத் தெரியாது.

எங்கள் தோட்டம் நமுனுகுல மலைச் சரிவில் இருக்கிறது. பதுளைக்கு பஸ்ஸில் போய்த் திரும்பினால் அன்றைய நாள் முடிந்துவிடும். கடலைப் பற்றி எங்கள் சனத்துக்குத் தெரிந்ததெல்லாம், கதிர்காமம் போன சமயத்தில் கிரிந்தைப் பக்கம் இறங்கி முழங்கால் வரை நனைத்துக்கொண்டு வந்ததுதான். ஆனால் கப்பலைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாத ஆள் ஒருவரும் இங்கே கிடையாது.

நான் விஜயலெட்சுமி. தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர். எனக்கு வாய் நீளம் என்பார்கள். சொல்கிறவர்களுக்கு மட்டும் வாய் குட்டையா என்று நான் திருப்பிக் கேட்பேன். என் புருஷனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஊரைத் திட்டாமல் எழுத முடியாது. என்னையும் திட்ட வேண்டி வரும். அதற்கும் தயாராகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னர் அவர் கப்பலை ஒரேயடியாக விட்டுவிட்டு வந்து, சந்தியில் ரொட்டிக்கடை போட்டார். எத்தனையோ தேசம் போய் வந்த மனுஷன், நாலு நல்ல கதை சொல்வார் என்று பார்த்தால் அதுவும் இல்லை. அந்த ஊர் எப்படிங்க, இந்த ஊர் எப்படிங்க என்று கேட்டால், “எல்லாம் ஹாபர்தான், விஜி” என்பார், துறைமுகத்தைத் தவிர வேறொன்றும் பார்க்காதவர் மாதிரி. அவருக்குச் சொல்ல வருவது ஒரே ஒரு கதை. அதை மாவு பிசைந்துகொண்டே நூறு தடவை சொல்லியிருப்பார்.

ஒரு தடவை அவருடைய கப்பல் மரக்கட்டை ஏற்றிக்கொண்டு போனதாம். உள்ளே நிறைந்த பிறகு மேல்தட்டிலும் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கட்டினார்களாம். கப்பலின் அடிவயிற்றுத் தாங்கிகளில் எண்ணெயும் குடிதண்ணீரும் இருக்கும். நாள் போகப்போக எண்ணெய் எரிந்து தீர்கிறது. தண்ணீரைக் குடித்தும் குளித்தும் தீர்க்கிறார்கள். மேலே கிடக்கும் மரமோ மழையில் ஊறி எடை கூடுகிறது. அடி இலேசாகி, தலை கனத்துப் போகிறது. வெளியே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் குசினியில் கொக்கியில் தொங்கிய கரண்டிகள் காட்டிக்கொடுத்துவிட்டன. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்து, மறுபடி பழைய இடத்துக்கு வரும்வரை முதல் வாரம் இவர் பதினாலு எண்ணினாராம். மூன்றாம் வாரம் எண்ணினால் இருபத்திரண்டு. ஆட்டம் அவ்வளவு மெதுவாகிவிட்டது. சூப் சட்டி தளும்பவே இல்லை. மற்றவர்களெல்லாம் தொட்டிலில் கிடப்பது போல இருக்கிறது என்று சுகமாகத் தூங்கினார்கள். இவருக்குச் சோறு இறங்கவில்லை.

சாமான் எடைக்கெல்லாம் பொறுப்பான அதிகாரி ஒரு வயதான பிலிப்பைன்ஸ்காரர். இவர் போய் அவரிடம் சொன்னார். சமையல்காரன் சொல்கிறானே என்று அந்த மனுஷன் சிரிக்கவில்லை. குசினிக்கு வந்து, கையில் மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு, கரண்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு ஓடினாராம். அன்றைக்கே அடியில் வெறுமையாகக் கிடந்த தாங்கிகளைக் கடல்தண்ணீரால் ஒவ்வொன்றாக முட்ட முட்ட நிரப்பினார்கள்.

“பாதியில விடக் கூடாது, விஜி” என்பார். “குறைகொடம் கூத்தாடும்னு சொல்லுவாங்கல்ல? கப்பலுக்கு அது ரொம்பச் சரி. பாதித் தண்ணி சாயிற பக்கமே ஓடும். கப்பலையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போயிரும்.”

மறுநாள் கப்பல் வெடுக்கு வெடுக்கென்று ஆடியதாம். சட்டி பறந்தது, முட்டை உடைந்தது, எல்லோரும் வாந்தி. அந்த அதிகாரி மட்டும் குசினிக்குள் எட்டிப் பார்த்து, உன் சட்டியைத் தூக்கி எறிகிற கப்பல்தான் உன்னை வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

“ஒம்பது வருஷத்துல சொல்றதுக்கு ஒங்களுக்கு ஒரு கரண்டிக் கதைதான் கெடச்சுச்சா?” என்று நான் கேட்டேன். அவர் ரொட்டியைத் திருப்பிப் போட்டார்.

இனி எங்கள் கோயில் கமிட்டிக்கு வருகிறேன். கமிட்டி என்றால் தம்பையா. தோட்டத் தலைவர், கோயில் தலைவர், மரண உதவிச் சங்கத் தலைவர் எல்லாம் அவர்தான். தலைவர் என்ற சொல் எங்கே சும்மா கிடந்தாலும் எடுத்து மாட்டிக்கொள்வார். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் மாரியம்மன் திருவிழாவுக்குப் புதுத் தேர் செய்தார்கள். எங்கள் தேரைவிட எட்டடி உயரம், உச்சி முழுக்க லைட். அதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து தம்பையாவுக்குத் தூக்கம் இல்லை. அவன் தேரைவிட உயரமாகச் செய்தால் கரண்ட் கம்பி இடிக்கும். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்.

“தெப்பம்!” என்றார் கூட்டத்தில். “நம்ம கொளத்துல அம்மனத் தெப்பத்துல ஏத்துறோம். நமுனுகுல மலையிலயே எவனும் செஞ்சதில்ல.”

வெள்ளைக்காரன் காலத்தில் பெக்டரிக்குத் தண்ணீர் எடுக்க வெட்டிய குளம் ஒன்று எங்களுக்கு இருக்கிறது. நடுவில் இரண்டு ஆள் ஆழம். தோட்டத்தில் நீந்தத் தெரிந்த ஒரு ஆளை நான் கண்டதில்லை. ஆனாலும் கூட்டம் கை தட்டியது. மறுநாள் காலையிலேயே தெப்பம் கட்டித் தரச் சொல்லி தம்பையா எங்கள் கடைக்கு வந்து நின்றார். சட்டிகழுவி மறுபடியும் கப்பல்காரத் தம்பி ஆகிவிட்டார்.

என் வீட்டுக்காரருக்கு அன்று முகத்தில் வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. பதுளை பஸாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் பஸீல் நாநாவிடம் போய், ஒவ்வொரு பீப்பாயாகத் தட்டிப் பார்த்து, ஓட்டையில்லாத பதினாறு வாங்கி வந்தார். அவற்றை நாலு வரிசையாகப் பரப்பி அகலமாகக் கட்ட வேண்டும் என்றார். தம்பையா ஒத்துக்கொள்ளவில்லை. தெப்பம் அன்னப்பட்சி போல ஒடுக்கமாக, நீளமாக இருந்தால்தான் போட்டோவில் எடுப்பாக இருக்குமாம். சரியென்று இரண்டு வரிசையாகக் கட்டினார். அகலம் ஆறடிதான் வந்தது. அதை ஈடுகட்ட, பலகைக்குக் கீழே, பீப்பாய்களுக்கு நடுவில், தண்ணீருக்குள் தொங்குகிற மாதிரி இருபத்திரண்டு மணல் மூட்டைகளை வலை போட்டுக் கட்டினார். அம்மன் பீடத்தைப் பலகையோடு ஒட்டித் தாழ்வாக வைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம் விட்டார்கள். பீடத்தில் அம்மனுக்குப் பதிலாக ஒரு கலசம். இரண்டு கரையிலும் பொடியன்கள் வடம் பிடித்து இழுத்தார்கள். காற்று அடித்ததும் தெப்பம் இப்படி ஒரு வெட்டு, அப்படி ஒரு வெட்டு என்று ஆடியது. கலசத்து மாலை நழுவியது, குங்குமத் தட்டு கவிழ்ந்தது. கரையில் நின்ற சனம் வாயில் கை வைத்துக்கொண்டது.

“என்னாப்பா இது?” என்று தம்பையா கத்தினார். “அம்மன ஒலுக்குற! பேய் புடிச்ச மாதிரி ஆடுது!”

“அப்படித்தாங்க தலைவரே ஆடணும்” என்றார் இவர். “சாஞ்ச ஒடனே திரும்புது பாருங்க. அடியில கனம் இருக்கு.”

கனத்தைப் பற்றி யாருக்கு வேண்டும்? அடுத்த ஞாயிறு நாங்கள் போய்ப் பார்த்தபோது மணல் மூட்டைகள் எல்லாம் அணைக்கட்டு ஓரத்தில் கிடந்தன. அக்கரையில் நிற்பவர்களுக்கும் தெரிய வேண்டுமென்று பீடத்தை நாலடி உயர்த்தியிருந்தார்கள். அதற்கு மேலே கோபுரம். கோபுரத்துக்குள் இரண்டு பெட்டி ஸ்பீக்கர். பீடத்துக்குப் பின்னால் ஒரு தட்டு அடித்து அதில் ஜெனரேட்டர். தெப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். அது மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. கொஞ்சம் நின்றது. பிறகு மெல்ல மெல்ல மறுபக்கம் வந்தது. ஒரு பூக்கூட அசையவில்லை.

“அம்மா ஊஞ்சலாடுறா!” என்று யாரோ கத்தினார்கள். சனம் கையெடுத்துக் கும்பிட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். அதில் என் குலவைதான் ஆகப் பெரிய சத்தம். பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறேன், இவர் உதடு மட்டும் அசைய எண்ணிக்கொண்டு நிற்கிறார். எட்டு வரை போனதை அந்த உதட்டில் பார்த்தேன். போன வாரம் அவர் எண்ணியது மூன்றோடு முடிந்தது.

அங்கேயே வைத்து தம்பையாவிடம் சொன்னார். இது கவிழும், மூட்டையைத் திரும்பக் கட்ட வேண்டும், பீடத்தை இறக்க வேண்டும் என்றார். தம்பையா சிரித்துக்கொண்டே தோளில் கை போட்டார்.

“தம்பி, ஒலுக்குனப்ப நல்லாருக்குன்ன. இப்ப அழகா ஆடுது, கவுரும்ங்கிற. நீ கப்பல்ல சட்டி கழுவுனியா, இல்ல சட்டியில கப்பல் விட்டியா?”

கரை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். இதை மறைத்து எழுத எனக்கு மனசு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் ஒன்றே ஒன்று சொன்னார். “டிலக்ஷி அதுல ஏறக் கூடாது.”

டிலக்ஷிகா எங்கள் மகள், ஒன்பது வயது. தெப்பத்தில் அம்மனுக்கு முன்னால் விளக்கேந்தி நிற்க ஆறு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதில் அவளும் ஒருத்தி. எத்தனை பேரோடு மல்லுக்கட்டி அந்த இடத்தை நான் வாங்கினேன் என்பது எனக்குத்தான் தெரியும். பட்டுப்பாவாடைகூடத் தைக்கக் கொடுத்தாகிவிட்டது. எனக்குக் கோபம் உச்சி வரை ஏறியது.

“ஏன் ஏறக் கூடாது? ஊரே கும்புடுது, ஒங்களுக்கு மட்டும் என்னா வந்துச்சு?”

“விஜி, சாஞ்ச கப்பல் யோசிக்கக் கூடாதும்மா. ஒடனே திரும்பிறணும். யோசிக்க ஆரம்பிச்சிருச்சின்னா, ஒரு நாளைக்குத் திரும்பாமயே போயிரும். இந்தத் தெப்பம் யோசிக்குது. அதுக்கு மேல இன்னும் பத்துப் பேர் ஏறி நின்னா என்னாகும்? தல இன்னும் கனத்துப் போகும்.”

“கவுந்தாத்தான் என்னாங்க? ஒம்பது வருஷம் கடல்ல இருந்த மனுசன் எதுக்கு இருக்கீங்க? குதிச்சித் தூக்க மாட்டீங்களா?”

அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். பிறகு, “எனக்கு நீந்தத் தெரியாது, விஜி” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடுக்கடலில் விழுந்தவனுக்கு நீச்சல் என்ன செய்யும், கப்பல் கவிழாமல் இருந்தால் போதும் என்று அவர் ஏதோ சொல்ல வந்தார். நான் கேட்கும் நிலையில் இல்லை. மறுநாள் காலை பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது இராக்கம்மா அக்காவிடம் சொன்னேன். “கேட்டியாக்கா கூத்த? கப்பல்காரருக்கு நீச்சத் தெரியாதாம்!” அக்கா எங்கள் பக்கத்து வீடு, கொழுந்தெடுக்கிறவள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று அவள் சொல்ல, மலை ஏறுவதற்குள் விஷயம் தோட்டத்தின் மூன்று டிவிசனுக்கும் போய்விட்டது. சாயந்தரம் ரொட்டிக்கடை வாசலில் ஒரு பொடியன் தரையில் குப்புறப் படுத்து நீந்திக் காட்டினானாம். தம்பையா, “நீச்சத் தெரியாதவன் நமக்குத் தண்ணியப் பத்திப் பாடம் எடுக்குறான்” என்று கமிட்டியில் பேசினாராம். என் வீட்டுக்காரர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் வெட்கம் கெட்டு, டிலக்ஷிக்கு வளையல் வாங்க பதுளைக்கு பஸ் ஏறினேன்.

திருவிழா வந்தது. பனி இறங்குவதற்கு முன்னர் முடிக்க வேண்டும் என்று நாலு மணிக்கே எல்லோரும் குளக்கரைக்கு வந்துவிட்டோம். பிரதேச சபை உறுப்பினர், பெரிய கிளாக்கர், பாடசாலை அதிபர் என்று தம்பையா ஒரு படையையே அழைத்திருந்தார். பஸீல் நாநாவும் வந்திருந்தார். எல்லோருக்கும் பொன்னாடை. தம்பையாவுக்குத் தலையில் பரிவட்டம். ஆறு பிள்ளைகளும் விளக்கோடு வரிசையில் நின்றார்கள். டிலக்ஷி எனக்குக் கை காட்டிச் சிரித்தாள்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்த் தம்பையா முன் நின்றார். இரண்டு கையையும் கட்டிக்கொண்டு அவ்வளவு பணிவாக நின்றார்.

“தலைவரே, சின்னப் புள்ளைங்க முன்னாடி ஏறுனா மரியாதையா இருக்காதுங்க. அம்மன ஏத்துறதுக்கு முன்னாடி பெரியவங்க எல்லாம் ஏறி ஒரு போட்டோ எடுத்துக்கங்க. இந்தக் கரையோரமாவே நில்லுங்க. அடுத்த தோட்டத்துக்காரன் பாக்கட்டும்.”

“இப்பத்தாண்டா நீ மனுசனாப் பேசுற!” என்றார் தம்பையா.

தூ என்றிருந்தது எனக்கு. அவ்வளவு அவமானப்படுத்தியவன் காலில் போய் விழுகிறாரே, முதுகெலும்பு என்று ஒன்று இந்த மனுஷனுக்கு இல்லையா என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பெரியவர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். ஒன்பது பேர். பஸீல் நாநாவை எவ்வளவோ கூப்பிட்டார்கள். அவர் பொன்னாடையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“பீப்பா வித்தவன் நான்” என்றார். “வித்தவன் அதுல ஏறலாமா? நான் கரையிலயே நிக்கிறன்.”

“ரெண்டு பக்கமும் சமமா நில்லுங்க, சேர்!” என்று இவர் சத்தமாகச் சொன்னார். ஒரு தடவைதான் சொன்னார். ஊர் முழுக்கக் கேட்டது.

போட்டோக்காரன் அணைக்கட்டின் மேல் நின்றான். அந்தப் பக்கம் நின்றால்தானே முகம் விழும்? முதலில் தம்பையா ஒரு எட்டு வைத்தார். அவர் முகத்தை மறைக்கிறாரே என்று உறுப்பினர் ஒரு எட்டு. உறுப்பினருக்குப் பின்னால் நிற்க அதிபருக்கு என்ன தலையெழுத்தா? அவரும் நகர்ந்தார். ஒன்பது பேரும் ஒரே ஓரத்தில். தெப்பம் மெல்லச் சாய்ந்தது. அதே அழகு, அதே ஊஞ்சல். அந்தக் கோணத்தில் கொஞ்சம் நின்றது. திரும்பவில்லை. கோபுரமும் ஸ்பீக்கரும் ஜெனரேட்டரும் மேலேயிருந்து இழுக்க, ஒன்பது பொன்னாடையும் ஒன்றன் பின் ஒன்றாகக் குளத்துக்குள் இறங்கின. கரையில் மைக் பிடித்தவன் அதைக் கவனிக்காமல், “இதோ நமது தலைவர் அவர்கள் கம்பீரமாக...” என்று பேசிக்கொண்டே இருந்தான்.

அந்த இடத்தில் இடுப்பளவு தண்ணீர்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உறுப்பினரின் வேட்டி மட்டும் தனியாக மிதந்தது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரிக்க வாயைத் திறந்தபடியே குளத்தின் நடுவைப் பார்த்தேன். இடுப்பளவு இல்லை அங்கே. பட்டுப்பாவாடை கட்டிய ஆறு பிள்ளைகள் அங்கே போயிருப்பார்கள். இந்தக் கரையோரமாகவே நில்லுங்கள் என்று அவர் கைகட்டிச் சொன்னது எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

தம்பையா சேறும் பாசியுமாகக் கரையேறினார். இப்போதாவது புத்தி வந்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? “தீட்டு!” என்று கத்தினார். “எவளோ தீட்டோட கொளத்தங்கரைக்கு வந்திருக்கா! அதான் அம்மன் காட்டிட்டா!” பதுளையிலிருந்து வந்திருந்த சின்னக் குருக்கள் பாவம், பயந்துபோய், ஒரு பரிகார பூஜை செய்தால் போகும் என்றார். இருபது நிமிஷத்தில் பூஜை முடிந்தது. தெப்பத்தை நிமிர்த்தி, அதே பீடம், அதே கோபுரம். ஸ்பீக்கரைத் துடைத்து அதே இடத்தில் வைத்தார்கள். “புள்ளைங்கள ஏத்து!” என்றார் தம்பையா. நான் பார்த்த மடையன்களை எல்லாம் ஒரு தராசில் வைத்தாலும் இந்த மனுஷன் பக்கம்தான் இறங்கும்.

நான் போய் டிலக்ஷியின் கையிலிருந்த விளக்கை வாங்கி ஊதி அணைத்தேன்.

“எந்தப் புள்ளையும் ஏறாது” என்றேன். “எங்க வீட்டுக்காரர் சரின்னு சொல்ற வரைக்கும் ஏறாது.”

“விஜி டீச்சர், இது சாமி காரியம்!”

“சாமி காரியம்னா சாமிக்கு மேல எதுக்குங்க ஸ்பீக்கர் பெட்டி? தீட்டு, தீட்டுங்கிறீங்களே, ஒம்பது ஆம்பளைங்கதானே ஏறுனீங்க? அதுல யாருக்குத் தீட்டு?”

பெண்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு எழும்பியது. முதலில் இராக்கம்மா அக்கா வந்தாள். அவளுடைய பேத்தியும் வரிசையில் நின்றது. பேத்தியை இழுத்துப் பின்னால் விட்டுவிட்டு, என் வீட்டுக்காரரிடம் போய் நேராகக் கேட்டாள். “தம்பி, அந்த மூட்டைங்கள எங்க வைக்கணும்னு சொல்லு. கூடை நெறையக் கொழுந்தோட தெனம் மல எறங்குறவ நானு. கனம் மேல ஏறுனா சரிவுல என்னாகும்னு எனக்கா தெரியாது?”

மற்ற அம்மாக்களும் வந்தார்கள். அணைக்கட்டு ஓரத்தில் கிடந்த இருபத்திரண்டு மூட்டைகளையும் பெண்கள்தான் தூக்கினோம். ஆம்பளைகள் கரையில் நின்று ஆலோசனை சொன்னார்கள். இவர் கழுத்து வரை நனையத் தண்ணீருக்குள் குனிந்து வலையை இறுக்கினார். பிறகு மரமறுக்கும் வாள் எடுத்து, உயர்த்தியிருந்த பீடத்தின் நாலு காலையும் அறுத்தார். கோபுரமும் ஸ்பீக்கரும் ஜெனரேட்டரும் கரைக்கு வந்தன. தம்பையா எதிரே நின்று என்னென்னவோ கத்தினார். குருக்கள் அம்மனைக் கையில் ஏந்திக்கொண்டு, “அவர் சொல்றபடி செய்யுங்கோ, பனி இறங்குது” என்றதும் அடங்கினார்.

“எல்லாரும் ஒக்காரணும். யாரும் எந்திரிக்கக் கூடாது” என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, என் வீட்டுக்காரரும் தெப்பத்தில் கால் வைத்தார்.

“நீங்க வேணாங்க” என்றேன். அது என்னை அறியாமல் வாயில் வந்தது.

“நீச்சத் தெரியாதுல்ல!” என்று பின்னாலிருந்து ஒரு பொடியன் சிரித்தான். அந்த வார்த்தையை அவனுக்குக் கொடுத்தது நான். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஏறச் சொன்னது நான், விஜி. புள்ளைங்கள மட்டும் அனுப்பிட்டு நான் எப்படிக் கரையில நிக்கிறது?”

தெப்பம் புறப்பட்டது. வெடுக்கு வெடுக்கென்று ஆடியது. மாலை நழுவியது, அம்மன் உலுங்கினாள், பிள்ளைகள் கீச்சென்று கத்திக்கொண்டு ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள். யாரும் குலவை போடவில்லை. நான் கரையில் நின்று எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. திரும்பியது. ஒன்று, இரண்டு, மூன்று. நடுக்குளத்தில் பனி வந்து மூடி தெப்பம் கண்ணுக்குத் தெரியாமல் போனபோதும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். என் பிள்ளையும் என் புருஷனும் அந்த மூன்றுக்குள் இருந்தார்கள்.

ஒரு சுற்றுச் சுற்றி வந்து கரை தட்டியது. பிள்ளைகள் குதித்து இறங்கி ஓடினார்கள். ஆட்டத்தில் விளக்கு அணைந்துவிட்டதாக டிலக்ஷி மூக்கைச் சிந்தினாள். அம்மனை இறக்கினார்கள், மேளம் அடித்தது, சனம் கோயில் பக்கம் திரும்பியது. தம்பையா புதுப் பொன்னாடை ஒன்றைத் தேடிக்கொண்டு முன்னால் போனார்.

என் வீட்டுக்காரர் மட்டும் தெப்பத்திலிருந்து இறங்கவில்லை. பீடத்தின் அறுத்து மிஞ்சிய கால் கட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “எறங்குங்க” என்றேன். “வர்றேன்” என்றார், ஆனால் வரவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தேன். பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்து, விறைத்து, மரத்தோடு ஒட்டிப்போய் இருந்தன. அவரால் கையை எடுக்க முடியவில்லை. நான் தெப்பத்தில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன்.